சுவார்ட்ஸ் ஐயரின் வாக்கு

தஞ்சைக்குச் செல்வோர் பெரிய கோயிலைக் காணாமல் திரும்புவதில்லை. அக்கோயிலை அடுத்துள்ள சிவகங்கைக் குளத்தின் அருகே ஒரு கிறிஸ்தவ ஆலயம் அடக்கமாக நிற்பதைக் கவனிப்போர் மிகச் சிலரே. நான் கல்லூரியில் வரலாறு பயின்ற நாளில் எங்கள் ஆசிரியர் ஒருநாள் எங்களை அங்கு அழைத்துச் சென்றார். உள்ளே ஒரு வெண்சலவைக்கல் சிற்பம் இருக்கிறது. முதியவர் ஒருவர் மரணப் படுக்கையில் கிடக்கிறார். அரச உடையணிந்த இளைஞர் ஒருவர் அவருடைய கையைப் பற்றி நிற்கிறார். தலைமாட்டில் ஒரு குரு. படுக்கையின் அருகே மூன்று பள்ளிச் சிறுவர்கள். "இவர்களுள் யார் யாருக்குக் கடன்பட்டவர்?" என்று ஆசிரியர் கேட்டார். எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. அந்தக் கேள்வியே என்னை இந்த மனிதரின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தூண்டியது.

படுக்கையில் கிடப்பவர் கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ். கையைப் பற்றியிருப்பவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி. சிற்பத்தைச் செய்வித்தவரும் அம்மன்னரே. செய்தவர் இலண்டனில் புகழ்பெற்று விளங்கிய ஜான் பிளாக்ஸ்மன். அவர் தஞ்சையைக் கண்ணாலும் கண்டதில்லை. தம் இறுதிநாள் வரை இந்து சமயத்திலேயே நிலைத்து நின்ற ஓர் அரசர், ஒரு கிறிஸ்தவ குருவுக்கு இவ்வாறு நினைவுச் சின்னம் எழுப்புவானேன்?

சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுச் சோன்னன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சேர்ந்தது. தாயை இளமையிலேயே இழந்தவர். ஹாலே நகரில் கல்வி பயின்றபோது, தமிழகத்திலிருந்து திரும்பியிருந்த ஷூல்ட்ஸ் என்னும் குரு தமிழ் வேதாகமத்தை அங்கு அச்சிட முயன்றார். அப்பணிக்கு உதவும் பொருட்டுச் சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். அச்சுவேலை நிறைவேறவில்லை, தமிழ் மட்டும் அவரிடம் தங்கிவிட்டது. 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், நான்கு மாதங்களுக்குள் தமிழிலே பிரசங்கம் செய்தார். பின்னர்ப் பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி, போர்த்துகீசியம் ஆகிய மொழிகளையும் கற்றார். தாய்நாட்டுக்கு அவர் திரும்பவே இல்லை. மணம் செய்துகொள்ளவும் இல்லை. வெள்ளைக்காரக் குருமார்களையும் 'ஐயர்' என்று அழைப்பது அந்நாளைய வழக்கு. அதன்படி மக்கள் நாவில் அவர் சுவார்ட்ஸ் ஐயர் ஆனார்.

திருச்சிராப்பள்ளியில் அவர் வாழ்ந்த முறையை நேரிற் கண்ட ஆங்கிலேயர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். மாத வருவாய் ஏறத்தாழ பத்து வராகன். பழைய கட்டடம் ஒன்றில் ஒரு கட்டிலும் ஆளும் மட்டுமே கொள்ளும் அறை. நம் நாட்டு முறையில் ஆக்கிய சோறும் காய்கறியும் உணவு. உடை, கருஞ்சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தித் துணி. பின்னர்க் கோட்டைப் படைவீரர்களுக்குக் குருவாகப் பணிபுரிந்தமைக்கு அரசாங்கம் தானே முன்வந்து ஆண்டுக்கு நூறு பவுன் அளித்தது. அதில் பெரும் பகுதி பள்ளிக்கும் சபைக்குமே சென்றது. கும்பினியின் ஊழியர் பலர் சில ஆண்டுகளில் பெரும் செல்வராய்க் கப்பலேறிய காலம் அது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். அவர்களோடு ஒரே கோட்டைக்குள் வாழ்ந்து, அவர்களுக்கே குருவாகவும் இருந்து, அவர்கள் தேடியதைத் தேடாமல் இருந்தார் ஒருவர். இதை நம் மக்கள் கவனியாமல் இருப்பார்களா?

மைசூர் மன்னர் ஹைதர் அலியும் கவனித்தார். 1779-ஆம் ஆண்டில் சென்னைக் கவர்னராக இருந்தவர் சர் தாமஸ் ரம்போல்டு. ஹைதருக்கும் கும்பினிக்கும் இடையே பகைமை முற்றிக்கொண்டிருந்தது. கும்பினி சமாதானத்தையே விரும்புகிறது என்று ஹைதரிடம் எடுத்துரைத்து, அவருடைய உட்கருத்தையும் அறிந்துவர ஒருவர் தேவைப்பட்டார். ரம்போல்டு சுவார்ட்ஸை அழைத்தார். கும்பினியின் தூதர் வேறு எவர் வந்தாலும் நம்புவதற்கில்லை, அந்தக் கிறிஸ்தவரை அனுப்பினால் அவர் ஏமாற்றமாட்டார் என்று ஹைதரே கூறினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அச்சொற்களை அவர் அப்படியே சொன்னாரோ இல்லையோ, அக்கருத்து அவர் உள்ளத்தில் இருந்தது என்பதற்குப் பின் நிகழ்ச்சிகளே சான்று.

சமயத் தொண்டர் அரசியல் தூது செல்வது தகுமா என்று சுவார்ட்ஸ் ஐயுற்றார். போர் மூளாமல் தடுப்பது நற்செயல். போகும் வழியெல்லாம் தம் சமய உண்மைகளைப் பேசவும் வாய்ப்புண்டு. இந்நாட்டில் தாம் பெற்ற நன்மைகளுக்குக் கைம்மாறாகவும் அமையும். இவ்வாறெல்லாம் எண்ணி அவர் இசைந்தார். எந்தப் பரிசும் பெறுவதில்லை என்றும் உறுதி செய்துகொண்டார். 1779 ஜூலையில் திருச்சியை விட்டுப் புறப்பட்டு, ஆகஸ்டு இறுதியில் சீரங்கப்பட்டணத்தை அடைந்தார். ஹைதர் அவரைத் தம் அருகே கம்பளத்தில் அமரச் செய்து உரையாடினார். விடைபெறும் மாலையில், தம் அவையோரிடம் பேசியவாறே தம் முன்னும் பாரசீக மொழியில் பேசுமாறு கேட்டார். சுவார்ட்ஸ் பேசினார். அரசியலோடு தொடர்பற்ற ஒரு குரு ஏன் இவ்வேலையை மேற்கொண்டார் என்று வியப்பு எழக்கூடும். எவரிடத்திலும் எப்பயனையும் நாடி வரவில்லை. இரத்தம் சிந்துவதைத் தடுக்கவே வந்தேன் என்று தம் நோக்கத்தை வெளிப்படையாகச் சொன்னார். ஆங்கிலேயர் சமாதானமாக வாழ விரும்பினால் தாமும் அவ்வாறே விரும்புவதாக ஹைதர் விடை கூறினார்.

வழிச்செலவுக்கென்று ஹைதர் முந்நூறு ரூபாய் கொடுத்தனுப்பினார். சுவார்ட்ஸ் அதை மறுக்க முயன்றார். மறுத்தால் அரசரை அவமதித்ததாகும் என்று அதிகாரிகள் அஞ்சவே, பெற்றுக்கொண்டு, சென்னை சென்றதும் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றது அரசாங்கம். தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பள்ளி தொடங்க அதை முதலாக வைக்க அனுமதி கேட்டு, அவ்வாறே செய்தார். தமக்கென அவர் அரசாங்கத்தினிடம் பெற்றது பயணச் செலவு ஒன்றே.

இந்த இடத்தில் நான் பலமுறை நின்று சிந்தித்ததுண்டு. ஹைதர் அவரிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தில், கும்பினி வாக்குத் தவறிய செய்திகள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. சென்னையில் இருந்தோர் அதைப் பொருட்படுத்தவில்லை. 1780 ஏப்ரலில் ரம்போல்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஜூலையில் ஹைதரின் பெரும்படை கணவாய்களைக் கடந்து கருநாடகத்தில் இறங்கியது. அப்படியானால் அந்தத் தூதின் பொருள்தான் என்ன? ஓர் உண்மையாளரின் நாவைக்கொண்டு உண்மையற்ற சொற்களைச் சொல்வித்தார்கள் என்றுதான் நான் கருதுகிறேன். உள்ளம் தூயதாக இருந்தும், பிறர் சூழ்ச்சிக்கு அத்தூய்மையே திரையாகிவிட்டது. சுவார்ட்ஸின் வரலாற்றை எழுதியோருட் சிலர் இதைச் சொல்லாமல் கடந்து செல்கின்றனர். சொல்லாமற் செல்வது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது. பிறர் செய்த வஞ்சத்துக்கு அவர் உடந்தையல்லர் என்பதை முதலில் உணர்ந்தவர் ஹைதரே. ஊர்கள் எரிந்துகொண்டிருந்த அப்போரின் நடுவில், இந்த முதியவரைத் தடையின்றிப் போகவிட வேண்டும், மரியாதையோடு நடத்த வேண்டும் என்று அவர் தம் படைத்தலைவர்களுக்குக் கட்டளையிட்டிருந்தார்.

சுவார்ட்ஸ் அதற்கு முன்பே தஞ்சையில் குடியேறிவிட்டார். தஞ்சை அப்போது நொந்து கிடந்த நாடு. 1773-இல் கும்பினியின் படை அதைப் பிடித்து ஆர்க்காட்டு நவாபுக்குக் கொடுத்தது; 1776-இல் அதே கும்பினி துளசா மன்னருக்கு அதைத் திருப்பிக் கொடுத்தது. இப்போது ஹைதரின் போர். அதன் பின்னே பஞ்சம். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது, கோட்டைக்குள் சோறில்லை. காரணம் வேடிக்கையானது அன்று, வெட்கத்துக்குரியது. முன்பு நெல் கொண்டுவந்த குடியானவர்களுக்குத் துபாஷிகள் உரிய விலையைக் கொடாமல் பறித்துக்கொண்டனர். அதனால் மக்கள் மாடுகளை ஓட்டிக்கொண்டு தொலைவிற் சென்றுவிட்டனர். அரசர் ஆணையிட்டார், பின்னர்க் கெஞ்சினார். எவரும் வரவில்லை. சிப்பாய்கள் பசியால் நின்ற இடத்திலேயே சாய்ந்தனர். காலைதோறும் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. இறுதியில் மன்னர் ஆங்கில அதிகாரி ஒருவரிடம், தங்கள் இருவர் சொல்லையும் மக்கள் நம்புவதில்லை, சுவார்ட்ஸின் சொல்லை நம்புகிறார்களா பார்ப்போம் என்று கூறி, ஒன்றும் எழுதாத வெற்றுத் தாளைச் சுவார்ட்ஸுக்கு அனுப்பினார். அவர் எழுதுவதே உடன்படிக்கை என்பது அதன் கருத்து.

சுவார்ட்ஸ் சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் கடிதம் விடுத்தார். நெல்லுக்குரிய விலையைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், பகைவர் பிடித்துச் செல்லும் ஒவ்வொரு மாட்டுக்கும் ஈடு தருவதாகவும் வாக்களித்தார். ஓரிரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட எருதுகள் வந்து சேர்ந்தன. உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பொருட்படுத்தாது சென்று, சில நாட்களுக்குள் எண்பதாயிரம் கலம் நெல்லைக் கோட்டைக்குக் கொண்டுவந்தனர். கோட்டை பிழைத்தது. வேலை முடிந்ததும் அவர் அனைவருக்கும் பணம் கொடுத்தார். கையிலிருந்தது போதாமையால், பிறர் தம்மிடம் வைத்திருந்த பணத்தையும் எடுத்துக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தார். பேரரசுகள் இரண்டு மோதிய அந்நேரத்தில் ஒரு நாட்டின் தலைநகரைக் காத்தது ஒரு குருவின் கையெழுத்து என்று சொன்னால் அது மிகையாகாது.

போர் ஓய்ந்த பின்பும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அரசருடைய அமைச்சரின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டு ஓடிப் போயினர். வயல்கள் தரிசாய்க் கிடந்தன. நீதி செய்வதாக அரசர் வாக்களித்தும் அவர்கள் திரும்பவில்லை. அவ்வாக்குக்குச் சுவார்ட்ஸ் பொறுப்பேற்றுச் சொன்னபோது, ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தனர். உழவுக்குரிய பருவம் பெரிதும் கழிந்திருந்தது. தம்மை நம்பிப் பேசியவருக்குத் தலைகுனிவு வரலாகாது என்று இரவும் பகலும் உழைத்தார்கள்.

இவற்றை நாம் அறிவது எவ்வாறு? இங்கேதான் ஒரு வியப்பு. தாம் செய்தவற்றைப் பற்றிச் சுவார்ட்ஸ் தாமாகப் பறைசாற்றவில்லை. 1793-இல் இங்கிலாந்தில் மாண்ட்கோமரி காம்பெல் என்பவர் கிறிஸ்தவத் தொண்டர்களை இகழ்ந்து பேசினார். சுவார்ட்ஸின் மாணவர்கள் குடியரும் திருடரும் என்றும், அவர் திருட்டைக் கண்டித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய பொற்கொளுவியைத் திருடினர் என்றும் நகைத்தார். அச்செய்தி தஞ்சைக்கு எட்டியபோது சுவார்ட்ஸுக்கு வயது அறுபத்தேழு. அவர் 1794-இல் எழுதிய மறுமொழிக் கடிதத்தில்தான் நெல் வந்த கதை இருக்கிறது. தம் மக்களின் மானத்தைக் காப்பதற்காகவே அவர் தம்மைப் பற்றிப் பேசும்படி ஆயிற்று. கொளுவியின் உண்மையையும் அதிலேயே சொன்னார். எடுத்தவன் வழியிலே இருந்த சிற்றூர்ச் சிறுவன், கிறிஸ்தவன் அல்லன். நெல் கொண்டுவர உயிரை ஈடு வைத்துச் சென்ற உபதேசியாரையும் மற்றவர்களையும் மறவாமல் குறித்திருக்கிறார். அவர்கள் எழுதிவைத்த கடிதம் நமக்குக் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

சுவார்ட்ஸிடம் குறையே இல்லையா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டும். தஞ்சைச் சபையில் சாதிக்கேற்பத் தனித்தனி இடங்களில் அமரும் வழக்கம் இருந்தது. அவர் அதைக் கட்டளையால் நீக்க முனையவில்லை. அறிவுரையாலும் காலத்தாலும் அது தேயும் என்று நம்பினார் போலும். தேயவில்லை. 1833-இல் பிஷப் வில்சன் அதை ஒழிக்க ஆணையிட்டபோது, தஞ்சைச் சபையார் பெரும் பூசலை எழுப்பினர். மென்மை நல்ல குணம்தான். ஆனால் அந்த மென்மையின் விலையைப் பின்வரிசையில் அமர்ந்தவர்களே கொடுத்தார்கள் என்பதையும் நாம் மறைக்கலாகாது.

அவருடைய பணிவும் ஒருமுறை பிறருக்குத் துன்பமாயிற்று. துளசா மன்னருக்குப் பிள்ளையில்லை. 1787-இல் மரணம் நெருங்கியபோது அவர் பத்து வயதுச் சரபோசியைத் தத்தெடுத்து, அச்சிறுவனையும் நாட்டையும் காக்குமாறு சுவார்ட்ஸை வேண்டினார். சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். வேலியில்லாத தோட்டத்தைச் சிறுவனுக்கு மன்னர் விட்டுச் செல்கிறார்; மாதத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ சிறுவனைக் காணக்கூடிய தம்மால் அவனைக் காப்பது எங்ஙனம் என்பது அவருடைய வாதம். தம் அளவை அறிந்து பேசிய பேச்சு அது. அவர் யோசனைப்படி மன்னர் தம்பி அமரசிங்கரிடம் சிறுவனை ஒப்புவித்தார். துளசா மறைந்தபின், தத்து செல்லாது என்று பண்டிதர்கள் கூறவே, அமரசிங்கரே அரியணை ஏறினார். சிறுவன் இருண்ட இருப்பிடத்தில் அடைபட்டுக் கல்வியும் காற்றோட்டமுமின்றி வாடினான்.

அந்தச் செய்தி அறிந்ததும் சுவார்ட்ஸ் தம் பணிவைக் காரணம் காட்டி ஒதுங்கி நிற்கவில்லை. முன்பு தட்டிக்கழித்த பொறுப்பைத் தோளில் ஏற்றார். அரசாங்கத்துக்கு எழுதினார், சிறுவனின் காப்பாளரானார். 1793-இல் சரபோசியையும் மறைந்த மன்னரின் மனைவியரையும் சென்னைக்கு அழைத்துச் சென்று பாதுகாப்பில் வைத்தார். வேப்பேரியில் இருந்த கெரிக்கே என்னும் குரு சரபோசியின் கல்வியை மேற்பார்த்தார். தலைமாட்டில் நிற்பவராகச் சிற்பத்தில் நாம் காண்பவர் இவரே. தத்து செல்லும் என்று மீண்டும் ஆராய்ந்து முடிவு செய்யப்பட்டு, 1798 ஜூனில் சரபோசி அரியணை ஏறினார். சுவார்ட்ஸ் அதைக் காண உயிரோடு இல்லை.

ஒன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். ஆதரவற்ற இளவரசர் ஒருவர் முழுமையாக அவர் கையில் இருந்தார். அந்நிலையைப் பயன்படுத்தி அவரைக் கிறிஸ்தவராக்கச் சுவார்ட்ஸ் முனையவில்லை. தம் சமயத்தை அவர் மறைத்தவருமல்லர். அரசரிடமும் ஆண்டியிடமும் கிறிஸ்துவைப் பற்றிப் பேசாத நாள் அவருக்கில்லை. ஆனால் பேசுவது வேறு, பிடித்திழுப்பது வேறு. தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் 1785-ஐ ஒட்டி எல்லாச் சமயப் பிள்ளைகளுக்குமான ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கப்பட்டபோது, பிள்ளைகளைச் சமயம் மாற்ற வஞ்சகமான எந்த வழியும் கையாளப்படாது என்று அவர் எழுத்திலேயே உறுதி கூறினார். அவர்கள் கடவுளை அறிய வேண்டும் என்ற தம் ஆசையையும் அங்கேயே ஒளியாமல் சொன்னார். சொல்லியது இரண்டும் உண்மை. அதனால்தான் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினர்.

சரபோசி பின்னாளில் சரசுவதி மகால் நூல் நிலையத்தை வளர்த்ததும், மருத்துவத்திலும் அறிவியலிலும் ஈடுபாடு கொண்டதும் நீங்கள் பாடநூல்களிற் கற்றிருப்பீர்கள். கண்ணந்தங்குடியில் அவர் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகள் ஐம்பதின்மரை உணவும் உடையும் கொடுத்துப் படிக்க வைத்தார் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு ஒருபுற விடை அது. மறுபுற விடையைச் சுவார்ட்ஸைக் கேட்டால், தாம் ஒருமுறை கைவிட்ட சிறுவனுக்குத் தாமே கடன்பட்டவர் என்று சொல்லியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

1798 பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் காலமானார். தாம் வந்து பார்க்குமுன் பெட்டியை மூடலாகாது என்று சரபோசி சொல்லியனுப்பியதால் அடக்கம் சற்றுத் தாமதமாயிற்று. இருபது வயது இளவரசர் வந்து, உடலைக் கண்டு கண்ணீர் சொரிந்து, அதன்மேல் பொன்னாடை ஒன்றைப் போர்த்தி, கல்லறை வரையில் உடன் நடந்தார். வீட்டிலிருந்து ஆலயம் செல்லும் வழியில் கீர்த்தனை பாடிச் செல்வதென்று முன்னரே ஏற்பாடு செய்திருந்தார்கள். இருபுறமும் கூடியிருந்த ஏழை மக்களின் அழுகுரல் மிகுந்துவிட்டமையால் பாட இயலவில்லை.